முடி முளைத்த புண்

பேராசிரியர் வேதசிரோமணிக்கு எதையும் சின்னதாகச் சொல்ல வராது. ஓர் எலியின் முதுகில் புண் ஆறிய சேதியை அவர் அறிவித்த அழகைப் பார்த்திருந்தால், இனி இந்த நாட்டில் யார் உடம்பிலும் தழும்பு என்பதே இருக்காது என்று நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லோரையும் கூட்டி நிறுத்தி, ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுக்கச் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துத் திரையில் ஒரு படத்தைப் போட்டார். மைக்ரோஸ்கோப்பில் எடுத்த தோலின் படம்.

“பதினாலாவது நாள். நம்ம களிம்பு பூசின எலி. நல்லா பாருங்க, இதுதான் புண் இருந்த இடம். முடி முளைக்கற வேர், முடிக்கால் இருக்கு. எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. தழும்பே கிடையாது. இது வெறும் ஹீலிங் இல்ல, ரீஜெனரேஷன்! தோலே புதுசா முளைச்சிருக்கு!”

கைதட்டினார்கள். ஒரு கையில் மைசூர்பாகு வைத்திருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் இருக்கும் தனியார் பார்மசி கல்லூரி அது. அங்கே கைதட்டுவதும் வேலையில் சேர்த்தி. களிம்பு என்றால் ஏரிக்கரையில் தானாக மண்டிக் கிடக்கும் ஓர் இலையின் சாறு, கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் எண்ணெய். இலையின் பெயரை இங்கே சொல்வதாக இல்லை. சொன்னால் நாளைக் காலையில் நாலு பேர் பறித்து அரைக்க ஆரம்பித்துவிடுவார்கள். நம் ஜனங்களைப் பற்றித் தெரியாதா?

கைதட்டாமல் கடைசியில் நின்றவள் தபஸ்ஸும். அந்தப் படம் எடுத்த கண்ணாடி ஸ்லைடைச் செய்தவளே அவள்தான். அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து பன்னிரண்டு வருடமாக அவள் செய்வது இந்த ஒரே வேலை. தோல் துண்டை மெழுகில் பதித்து, காற்றுப் பட்டால் பறக்கும் அளவுக்கு மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட வேண்டும். நார் நீலமாகத் தெரியும், தசை சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்துப் பொருள் சொல்வது மட்டும் அவள் வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பன்னிரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டா சாயம் போட முடியும்? அந்தக் கல்லூரியில் ஒரு ஸ்லைடை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அது அவளுக்கும் தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அந்த ஸ்லைடை அவள் முந்தின வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டிருந்தாள். பார்த்ததும் சத்தமாகச் சிரித்தாள்.

விஷயம் இதுதான். தோலில் ஒரு வட்டத்தை அப்படியே வெட்டி எடுத்தால், முதல் இரண்டு மூன்று நாள் அந்தப் பள்ளத்தில் ரத்தம் உறைந்து கிடக்கும். வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து கிருமியையும் செத்ததையும் தின்று தீர்க்கும். ஒரு வாரத்தில் அடியிலிருந்து புதுச் சதை, சின்னச் சின்ன ரத்தக் குழாய்களோடு சிவப்பாக ஏறும். அதன் மேல் ஓரங்களிலிருந்து மேல்தோல் நகர்ந்து வந்து மூடும். பிறகு நார்கள் சேர்ந்து இறுகும். அவ்வளவுதான், அது ஒட்டுப்போட்ட துணி. அதில் முடிக்கால் இருக்காது, எண்ணெய்ச் சுரப்பி இருக்காது. அதோடு, எலியின் தோலுக்கு அடியில் நமக்கு இல்லாத ஒரு மெல்லிய தசைப் பட்டை உண்டு. புண் போடும்போது அதையும் சேர்த்துத்தான் வெட்டி எடுக்கிறார்கள். பதினான்கு நாளில் அது திரும்ப முளைத்துக் கூடிவிடாது. ஆனால் அந்த ஸ்லைடில் அந்தப் பட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சிவப்பாக, ஒரு கீறல் இல்லாமல் ஓடியது.

அப்படியென்றால் அந்தத் தோலில் யாரும் எப்போதும் கத்தியே வைக்கவில்லை. காயம் படாத தோல், காயம் படாத தோலைப் போலவே இருந்தது. அதற்குத்தான் மைசூர்பாகு.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆய்வு மாணவன் நிகிலைப் பிடித்துக் கேட்டாள். தோலை வெட்டிக் கொடுத்தவன் அவன். இரண்டு நிமிஷத்தில் கக்கிவிட்டான்.

“அக்கா, சத்தியமா வேணும்னு செய்யல. நடுவுல முடிய ஷேவ் பண்ணாம விட்டுட்டேன். பதினாலு நாள்ல மொத்தமா வளந்துடுச்சு. புண்ணும் இத்தனூண்டா சுருங்கிடுச்சு. எங்க இருந்துச்சுன்னே தெரியல. ஒரு அந்தாசா வெட்டி எடுத்தேன். சார்கிட்ட சொல்லிடாதீங்கக்கா, என் தீசிஸ் போயிடும்.”

“நான் ஏன் சொல்லப் போறேன்?” என்றாள் தபஸ்ஸும்.

சொல்ல மாட்டாள். காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே போல வேறொரு ஸ்லைடில் ஒரு தப்பைக் காட்டப் போனபோது, வேதசிரோமணி எல்லோர் முன்னாலும், “தபஸ்ஸும், உங்க வேலை வெட்டறது, சாயம் போடறது. படிக்கறது எங்க வேலை” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாலு மாணவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு முடிவு செய்தாள், இனி இவர்கள் கிணற்றில் விழுந்தாலும் கயிறு போடுவதில்லை என்று. இப்போது அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கேளம்பாக்கத்தில் ஓர் ஓட்டலில் கருத்தரங்கு. வெளியூரிலிருந்து பெரிய பெரிய நோயியல் டாக்டர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தராவது எழுந்து, “ஏன் சார், இந்தத் தசைப் பட்டை எப்படி முழுசா இருக்கு?” என்று கேட்பார். வேதசிரோமணி மேடையில் முழிக்கும் முழியை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போவது என்பது வரைக்கும் தீர்மானித்துவிட்டாள்.

மைசூர்பாகுக்குப் பிந்தின மூன்றாம் வாரம், புதன்கிழமை, ஏதோ தோல் துண்டு வாங்கிவர விலங்குக் கூடத்துக்குப் போனாள். அங்கே துரை தீவன மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு காலின் கம்பூட்டைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளங்காலில் பச்சைக் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

துரை அங்கே பத்தொன்பது வருடமாகக் கூண்டு கழுவுகிறவர். வயது ஐம்பத்து நாலு. ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். பத்து வருடமாகச் சர்க்கரை. எலிகளுக்குத் தண்ணீர் பாட்டில் மாற்றுவதில் காட்டும் கவனத்தில் கால்வாசியைக்கூடத் தன் உடம்பில் காட்டாத மனுஷர்.

“என்ன துரை அண்ணா இது?”

“புண்ணு மேடம். தண்ணியிலயே நின்னுகினு கீறோம்ல, கம்பூட்டு அரிச்சி வுட்டுச்சு. நம்ம சார் மருந்துதான் பூசிகினு வரேன். இன்னியோட பதினேழு நாளு.”

“யார் குடுத்தா?”

“சாரேதான். அன்னிக்கு ஸ்வீட்டு குடுத்தாங்கல்ல, அன்னிக்கு சாங்காலம். ‘துரை, எலிக்கே முடி மொளச்சிடுச்சு, உன் கால் ஆறாதா’ன்னு டப்பாவோட குடுத்துட்டாரு. அப்பப்போ ஸ்கேலு வெச்சி போட்டோ கூட புடிக்கறாரு. ஃபாரின்லாம் அனுப்புவாராம் என் கால.” சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

தபஸ்ஸும் குனிந்து பார்த்தாள். சின்ன விரலுக்குக் கீழே புண். வாய் சின்னதாகத்தான் இருந்தது. சுற்றிலும் தடித்து வெள்ளையாகத் தோல் வளர்ந்து மூடப் பார்த்தது. ஆனால் சின்ன விரலும் அதற்கு அடுத்த விரலும் நிறம் மாறியிருந்தன. புறங்கால் பளபளவென்று வீங்கிச் சிவந்திருந்தது. விரலால் லேசாக அழுத்தினாள், களிம்பை விலக்கிக்கொண்டு சீழ் எட்டிப் பார்த்தது. நாற்றம் எலிக்கூண்டின் நாற்றத்தையும் மிஞ்சியது.

“வலிக்குதா?”

“வலியே இல்ல மேடம். அதான் சொல்றேன், மருந்து கரீட்டா வேல செய்து.”

சர்க்கரைக்காரன் காலில் புண் இருந்தும் வலி இல்லையென்றால் அது நல்ல சேதி இல்லை. குரோம்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாவுக்குக்கூட இது தெரியும். இத்தனை நாள் ரசித்துக்கொண்டிருந்த வேடிக்கை அந்தக் காலில் வந்து நிற்கும் என்று தபஸ்ஸும் நினைக்கவே இல்லை.

“அண்ணா, இத உடனே நிறுத்துங்க. இன்னைக்கே ஜி.எச். போகலாம், நானே கூட்டிட்டுப் போறேன். விட்டா கால் போயிடும்.”

துரை சிரித்தார். “கோச்சுக்காதீங்க மேடம். சாரு டாக்டரு. நீங்க ஸ்லைடு போடறவங்க. அதுவுமில்லாம, அந்த எலிங்களுக்குத் தெனம் பூசினதே நான்தான். ஆறினத என் கண்ணால பாத்தேன். ஆசுபத்திரிக்குப் போனா அவன் வெட்டத்தான் பாப்பான்.”

வேதசிரோமணி ஆராய்ச்சிப் பட்டம் வாங்கின டாக்டர். மனுஷனுக்கு மட்டுமில்லை, எலிக்குக்கூட வைத்தியம் பார்க்கத் தெரியாத டாக்டர். அதை இவரிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியது. தபஸ்ஸும் ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த ஸ்லைடை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். சுவர் நிறையப் பொன்னாடைப் போட்டோக்கள். எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு. கையோடு கொண்டுபோன ஸ்லைடை அவர் மேஜை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, “ஒரு நிமிஷம் பாருங்க சார்” என்றாள்.

பார்த்தார். ஒரு நிமிஷம் இல்லை, மூன்று நிமிஷம் பார்த்தார்.

“அந்தச் சிவப்புப் பட்டை எங்கயும் அறுபடல சார். இது புண் இருந்த தோல் இல்ல.”

அவர் தலையைத் தூக்கினார். “இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

தெரிந்தவன் கேட்கும் கேள்வி அது. இத்தனை வருடம் அவரை மடையன் என்று நினைத்திருந்தாள். மடையனாகவே இருந்திருந்தால் தேவலை என்று இப்போது பட்டது.

“எனக்கு ஸ்லைடு பத்திக் கவலை இல்ல சார், நீங்க என்னமோ பண்ணிக்கோங்க. துரை அண்ணா கால் அழுகுது. மருந்தை நிறுத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பார்.”

“பதினெட்டாம் தேதி முடியட்டும்மா. இப்ப நானே நிறுத்தச் சொன்னா, மருந்து மேல எனக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும். அவன் கால் நல்லாத்தான் இருக்கு. போட்டோ வெச்சிருக்கேன், சுருங்கிட்டே வருது.”

சுருங்கினது புண்ணின் வாய். உள்ளே என்ன நடக்கிறது என்பது போட்டோவில் எப்படி வரும்? தோலைப் பற்றி முப்பது கட்டுரை எழுதின ஆளுக்கு இது தெரியாதா? தெரியும். கருத்தரங்கு மேடைக்கும் ஒரு கூண்டு கழுவுகிறவரின் காலுக்கும் நடுவில் எது பெரிது என்று அவர் எப்போதோ கணக்குப் போட்டு முடித்துவிட்டார். தூ என்று துப்ப வேண்டும் போல இருந்தது தபஸ்ஸுமுக்கு. துப்பவில்லை, ஸ்லைடை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் துரைக்கு முன்னால் வந்துவிட்டாள். ஆராய்ச்சியின் கடைசித் தொகுதி எலிகள் பன்னிரண்டு இன்னும் உயிரோடு இருந்தன. ஆறு களிம்பு பூசினவை, ஆறு ஒன்றுமே பூசாதவை. கூண்டுக்கு ஒன்றாக. அன்றைக்கு அவற்றுக்கு இருபதாவது நாள். புண் மூடியதும் பூசுவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் மேலே பச்சைக் கறை எதுவும் இல்லை. தபஸ்ஸும் ஒவ்வொரு கூண்டிலிருந்தும் மருந்து பூசினதா இல்லையா என்று எழுதிய கார்டைக் கழற்றி அதனதன் அடியில் செருகிவிட்டுக் கூண்டுகளை வரிசை மாற்றி அடுக்கினாள்.

துரை வந்ததும் பதறினார். “இன்னா மேடம் இது! கார்டெல்லாம் எங்க? எவன் கலைச்சது? சாரு என்னக் கீசிடுவாரு!”

“நான்தான் கலைச்சேன். அண்ணா, மருந்து பூசின ஆறு எதுன்னு காட்டுங்க. கரெக்டா காட்டிட்டீங்கன்னா நான் உங்க கால் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன்.”

“இது ஒரு பெரிய விசயமா?” என்று நொண்டிக்கொண்டே வந்தார். முதல் கூண்டிலேயே கையை வைத்தார். முதுகு முழுக்க வெள்ளை முடி, புண் இருந்த சுவடே தெரியவில்லை. “இது மருந்து. கண்ண மூடிகினு சொல்வேன்.” பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி, முடியை விலக்கிப் பார்த்து, இன்னும் ஐந்தைத் தனியாக வைத்தார்.

தபஸ்ஸும் கார்டுகளை உருவிக் காட்டினாள். ஆறில் மூன்று சரி, மூன்று தப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றாரே, அது ஒன்றுமே பூசாத எலி.

துரை அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“அப்ப இதுங்களுக்கு மருந்து போடாட்டியும் ஆறிடுமா?”

“ஆறிடும். எலிக்குத் தோல் உடம்போட ஒட்டாம தொளதொளன்னு இருக்கும். புண்ணு வந்தா சுருக்குப் பை நாடாவ இழுக்கற மாதிரி இழுத்து மூடிக்கும். மருந்து பூசினா ஒரு நாள் முன்ன, பூசலைன்னா ஒரு நாள் பின்ன. நமக்கு அப்படி இல்ல அண்ணா. உள்ளங்கால்ல இழுக்கறதுக்குத் தோலே கிடையாது, அடியிலேர்ந்து சதை வளரணும். சுகர் இருந்தா அங்க ரத்தமும் சரியா போகாது, வலியும் தெரியாது. மேல மூடற மாதிரி காட்டிட்டு உள்ள அழுகும்.”

துரை கையிலிருந்த கார்டை மூட்டை மேல் வைத்தார்.

“தானா ஆறிடும்னா, பின்ன எதுக்கு மேடம் இத்தினி எலிய கொன்னாங்க?”

செத்த ஒவ்வொன்றின் தோலும் தபஸ்ஸுமின் கத்தி வழியாகப் போனதுதான். “காலச் சுத்தி ஒரு கவரக் கட்டுங்க, ஆட்டோ சொல்றேன்” என்றாள்.

ஜி.எச்.சில் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். அறுவை டாக்டர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே அறுத்தாக வேண்டும் என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை அந்த இரண்டு விரல்களையும் அவற்றின் கீழே கொஞ்சம் எலும்பையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கணுக்காலோடு போயிருக்கும், முதலிலேயே வந்திருந்தால் ஒரு விரல்கூடப் போயிருக்காது என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பார்வை நேரத்தில் தபஸ்ஸும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனாள். துரை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் ஒரு மூட்டை கட்டோடு உயரத்தில் இருந்தது. மனைவி காந்திமதி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஊரப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் பெருக்கித் துடைக்கும் வேலை அவளுக்கு. மூன்று நாளாகப் போகவில்லை.

“வாங்க மேடம்” என்றார் துரை. “காந்தி, நான் சொன்னேன்ல, இவங்கதான். இவங்க இல்லாட்டி இன்னிக்கு முழு காலும் போயிருக்கும்.”

காந்திமதி எழுந்து தபஸ்ஸுமின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். தபஸ்ஸுமுக்கு ஒரு நிறைவு வந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

“சாரு போன் பண்ணாரு” என்றார் துரை. “‘உடம்ப பாத்துக்கோ’ன்னாரு. அந்தக் களிம்பு பத்தி மட்டும் டாக்டருங்க கேட்டா சொல்லிக்காத, வேலைக்கு ஆபத்துன்னாரு. கால் போட்டோவ எல்லாம் அழிச்சிட்டாராம்.”

அவ்வளவுதான், தபஸ்ஸுமுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். “அவரெல்லாம் ஒரு மனுஷனா அண்ணா? பொன்னாடை போர்த்தினா போதும், எத வேணாலும் வித்துடுவார். அந்த நிகிலு ஒரு தொடைநடுங்கி, புண்ணு எங்கன்னு தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் பி.எச்.டி. பண்றான். சுத்தி நிக்கறதெல்லாம் கைதட்டற கூட்டம். திரையில படத்தப் போட்டு ரீஜெனரேஷன்னு கத்தறார், ஒருத்தருக்காவது அது சாதாரணத் தோலுன்னு தெரிஞ்சுதா? எனக்குப் பாத்த மாத்திரத்துல தெரிஞ்சுது. அவர் ஸ்வீட் குடுத்ததே திங்கக்கிழமை. நான் வெள்ளிக்கிழமையே கண்டுபிடிச்சுட்டேன்!”

சொன்னபோது அவள் குரலில் வெற்றி இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

துரை சாத்துக்குடிப் பையை ஸ்டூலின் அந்தப் பக்கம் மெதுவாக நகர்த்தி வைத்தார்.

“வெள்ளிக்கெழமைன்னா... சாரு எனக்கு டப்பா குடுக்கறதுக்கு முன்னாடி.”

“எனக்கு அவர் உங்களுக்குக் குடுப்பார்னு தெரியாது அண்ணா. நான் பதினெட்டாம் தேதி... எல்லார் முன்னாடியும் அவர்...” அதற்கு மேல் அந்த வாக்கியத்தை முடிக்க அவளால் முடியவில்லை. எப்படி முடித்தாலும் அசிங்கமாக இருந்தது.

“நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா, சாரு எனக்குக் குடுத்திருக்க மாட்டாரு.”

“ஆமா.”

அவர் கோபப்படவில்லை. கத்தியிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். காந்திமதியைப் பார்த்து, வீட்டுக்கு வந்த அந்நிய ஆளிடம் காட்டுகிற மரியாதையோடு சொன்னார்:

“காந்தி, மேடம் கெளம்பறாங்க. கேட்டு வரைக்கும் போயி வுட்டுட்டு வா.”

தபஸ்ஸும் கிளம்புவதாகச் சொல்லியிருக்கவே இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.